தேடுபவர் கண்ணில் படாத கந்தோர்

2023ஆம் ஆண்டு. மாரி மழை தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை. கந்தோர்க் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு, முதல் நாள் தட்டச்சு செய்து வைத்த காணி உறுதியைச் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். நனைந்த குடையோடு ஒரு சகோதரி வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை. கையிலே பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த பத்திரங்கள்.

"அக்கா, இதுதானே அந்த மிஸ்ஸிட கந்தோர்?"

"ஓம் தங்கச்சி, உள்ளே வாங்க" என்றேன்.

கதிரையில் உட்கார்ந்ததும் அழத் தொடங்கிவிட்டாள். வந்த விடயத்தை நினைத்து அழவில்லை. எங்கள் கந்தோரைத் தேடி அலைந்ததை நினைத்து அழுதாள்! வாழைச்சேனைப் பக்கமிருந்து அவள் வருவது இது இரண்டாவது தடவையாம். போன கிழமை போனிலே பெயரை அடித்துப் பார்த்திருக்கிறாள். அது வழிகாட்டிக் கொண்டுபோய் விட்ட இடம், நாங்கள் 2011இல் விட்டு வந்த பழைய ஒழுங்கை. அங்கே இப்போது ஓர் இரும்புக்கடை இருக்கிறது. வாசலில் நின்ற ஒருவன், "அந்த மிஸ் இப்ப வாறதில்ல, நான் வேற ஆளைக் காட்டுறன்" என்று சொல்லி, 'பைல் திறக்க' என்று 6,000 ரூபா வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். தையல் மெஷினை அடகு வைத்து எடுத்த காசு அது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, நான் எல்லாம் வாசிச்சுத்தான் வந்திரிக்கன். ஜீவனாம்சம் 125ஆம் பிரிவு எண்டு இதில கிடக்கு. குடும்ப நீதிமன்றத்தில போடவேணுமாம்."

வாங்கிப் பார்த்தேன். அது இந்தியச் சட்டம். தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் அங்குள்ள பெண்களுக்காக எழுதியது. எங்கள் நாட்டிலே அதற்குப் பெயர் தாபரிப்பு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதிவான் நீதிமன்றத்திலே விண்ணப்பிக்க வேண்டும். (அவள் காட்டிய இந்திய 125ஆம் பிரிவுகூட, 2024 ஜூலை மாதம் புதிய சட்டக்கோவை வந்தபோது அங்கேயே இலக்கம் மாறிப்போயிற்று.) இரவிரவாகக் கண் விழித்துப் படித்தவளிடம், இது நமக்குரியது அல்ல என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபடியே மிஸ்ஸிடம் கேட்டேன்: "இத்தனை வருடமாக ஊருக்குள்ள கந்தோர் வைத்திருக்கிறம். தேடி வாற ஆளுக்குக் கண்ணில் படாத கந்தோரால் என்ன பயன்?"

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மட்டக்களப்பிலே ஒரு சிறிய சட்டத்தரணி கந்தோரில் 1996 முதல் லிகிதராக இருக்கிறேன். இங்கு மிஸ் ஒருவர், அவருக்கு உதவியாக ஒரு கனிஷ்ட சட்டத்தரணிப் பிள்ளை, நான், தேத்தண்ணி வைத்துத் தரும் ஓர் அம்மா, ஆக நான்கு பெண்கள். மிஸ்ஸுடைய தகப்பனார் அந்தக் காலத்துப் பிரக்கிராசியார். அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற இரு பிரிவையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி என்று ஆக்கியது 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம். ஆனாலும் வயதான கட்சிக்காரர்கள் இன்றைக்கும் "பிரக்கிராசியார்ட மகள்" என்றுதான் மிஸ்ஸைச் சொல்வார்கள். அவருக்கு விளம்பரம் என்று ஒன்று இருந்ததில்லை. ஒரு பித்தளைப் பலகை, அதிலே பெயர். அவ்வளவுதான். ஓர் உறுதியைப் பிழையில்லாமல் முடித்துக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை வரும்.

அந்தக் கணக்கு மெல்ல மெல்லப் பிசகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், வளவுகள் கைமாறின. 2020இல் கொரோனா வந்து மாதக்கணக்கில் கதவு மூடிக் கிடந்தது. 2022இல் பெற்றோல் வரிசை, மின்வெட்டு. அதற்குப் பிறகு, ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்தாலே பெரிய விடயம் என்றாகிவிட்டது. சில மாதங்கள் மிஸ் தன்னுடைய பங்கை எடுக்காமல் எங்களுக்குச் சம்பளம் தந்தார் என்பதைக் கணக்குப் புத்தகம் எழுதுகிற நான் அறிவேன். அவர் அதைச் சொன்னதில்லை.

என் கேள்விக்கு மிஸ் உடனே பதில் சொல்லவில்லை. சட்டத்தரணி விளம்பரம் செய்து தொழில் பிடிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் நெடுநாளைய ஒழுக்கம். உயர் நீதிமன்றம் 1988இல் வெளியிட்ட நடத்தை விதிகளின் பிரதி ஒன்று மிஸ்ஸின் மேசை லாச்சியிலேயே கிடக்கிறது. "நாம மீன் விக்கேல்ல, கூவித் திரிய" என்றார். அதற்குக் கனிஷ்டப் பிள்ளைதான் சொன்னாள்: "மிஸ், கூவ வேண்டாம். வாசல் பலகையிலே விலாசம் பிழையாக இருந்தால் திருத்த மாட்டோமா? போனிலே இருக்கிற பலகையும் அப்படித்தானே." இந்தியாவிலும் இதே கட்டுப்பாடுதானாம். ஆனால் 2008இல் அங்குள்ள பார் கவுன்சில் விதியைச் சற்றுத் தளர்த்தி, பெயர், விலாசம், தொலைபேசி, தகைமை, என்ன வகை வழக்குப் பார்க்கிறார் போன்ற சில விபரங்களை மட்டும் இணையத்தளத்திலே போடலாம் என்று அனுமதித்திருக்கிறது. மிஸ் யோசித்தார். "பொய்யும் வேண்டாம், புழுகும் வேண்டாம். இருக்கிறதைச் சரியாகப் போடுங்க" என்று விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நான் செய்த பிழையைச் சொல்லத்தான் வேண்டும்.

தெரிந்தவர் மூலமாக ஒரு இளைஞரைக் கூப்பிட்டோம். மடிக்கணனியோடு வந்தார். மாதம் 35,000 ரூபா தந்தால் முப்பது நாளில் கூகுளிலே முதலாம் இடம் என்றார். கூடவே ஐந்து நட்சத்திரத்தோடு ஐம்பது பாராட்டுகள் 'ஏற்பாடு செய்து' தருவதாகவும் சொன்னார். மிஸ் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. பக்கத்து வீதிக் கந்தோர் ஒன்றுக்கு நாற்பது பாராட்டு இருக்கிறது, எங்களுக்கு ஒன்றுகூட இல்லையே! அன்றிரவே டோகாவிலிருக்கும் என் மகனுக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன். அவனும் அவனது அறையிலிருந்த பொடியன்களும் ஆளுக்கொன்றாக எழுதித் தள்ளிவிட்டார்கள். 'சிறந்த சேவை', 'என் வழக்கை வென்று தந்தார்கள்'... ஒரு பொடியன் 'விவாகரத்து விரைவாகக் கிடைத்தது' என்று எழுதியிருந்தான். அவனுக்குக் கலியாணமே ஆகவில்லை!

மூன்றாம் நாள் மிஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "இருபத்தேழு வருஷமாக நீங்க டைப் அடிச்ச ஓர் உறுதியிலாவது பொய்ச் சாட்சி கையெழுத்து வைச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போலிப் பாராட்டும் காசுக்கு வாங்கும் பாராட்டும் கூகுளின் விதிக்கே விரோதம் என்பதையும், அகப்பட்டால் அவற்றை நீக்குவதோடு நமது விபரத்தையே முடக்கிவிடலாம் என்பதையும் பிறகுதான் கனிஷ்டப் பிள்ளை விளங்கப்படுத்தினாள். மகனுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். தாய்க்கு உதவி செய்தோம் என்று சந்தோசப்பட்ட பிள்ளைகளிடம் அதைச் சொல்ல எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா?

உண்மையான கட்சிக்காரரிடம் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். கடைக்கும் ஹோட்டலுக்கும் அது சரி. கணவன் அடித்தான் என்று வந்த ஒரு பெண், தன் பெயரும் படமும் தெரிய, இன்ன கந்தோரில் எனக்கு நல்ல உதவி கிடைத்தது என்று எழுதுவாளா? எழுதினாலும் அதற்கு நாங்கள் ஒரு நன்றி சொல்லிவிட்டால், அவள் எங்கள் கட்சிக்காரி என்பதை நாங்களே ஊருக்குச் சொன்னதாகிவிடும். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காப்பது இந்தத் தொழிலின் முதற் கடமை. ஆகவே பாராட்டு விடயத்தை அத்தோடு விட்டுவிட்டோம்.

மிஞ்சியது விலாசம். வரைபடத்தைத் திறந்து பார்த்தால், எங்கள் கந்தோர் மூன்று பெயரில் மூன்று இடத்தில் இருக்கிறது! பழைய ஒழுங்கையிலே பிரக்கிராசியார் பெயரில் ஒன்று. யாரோ வழிப்போக்கர் சேர்த்தது ஒன்று, அதில் தொலைபேசி இலக்கம் பிழை. மூன்றாவது சரியான வீதி, ஆனால் பெயரின் எழுத்து பிசகு. அந்த இயந்திரம் பாவம், இவை மூன்றும் ஒரே கந்தோர் என்று அதற்கு எப்படித் தெரியும்? அருகிலுள்ள இடங்களைக் காட்டும்போது கூகுள் மூன்று விடயங்களைப் பார்க்கிறதாம். தேடியவரின் சொல்லுக்குப் பொருத்தமா, தேடியவருக்கு எவ்வளவு தூரம், அந்த இடம் எவ்வளவு தூரம் அறியப்பட்டது என்பவை அவை. தூரத்தை நாம் மாற்ற முடியாது. முதலாவதையும் மூன்றாவதையும் கொஞ்சம் சரிசெய்யலாம். அந்த வரைபட வரிசையிலே மேலே வருவதற்குக் கூகுளுக்குக் காசு கட்டும் வழியே இல்லை. காசு கட்டிப் போடுவது விளம்பரம், அது வேறாக அடையாளமிட்டு வரும். 35,000 ரூபா கேட்ட தம்பி இதைச் சொல்லவில்லை.

கந்தோர் நம்முடையதுதான் என்று நிரூபிக்க ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். வீதியைக் காட்டி, பெயர்ப்பலகையைக் காட்டி, சாவியால் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும். முதல் தடவை எதிரே ஒரு மாடு வந்து மறித்துக்கொண்டது. இரண்டாம் தடவை என் கை நடுங்கிப் பலகை தெளிவில்லை. மூன்றாம் தடவை தேத்தண்ணி அம்மா உள்ளே இருந்து "ஆரது?" என்று கேட்ட சத்தத்தோடு சரிவந்தது. சில நாட்களில் ஏற்றுக்கொண்டார்கள். பெயருக்குப் பின்னால் 'காணி, விவாகரத்து, சிறந்த சட்டத்தரணி' என்றெல்லாம் சொருகினால் நல்லது என்று ஒருவர் சொன்னார். அதுவும் விதிக்கு மாறு. பலகையில் உள்ள பெயர் எதுவோ அதையேதான் போட வேண்டும். மற்ற இரண்டு பழைய பதிவுகளையும் நீக்கும்படி அறிவித்தோம்.

அடுத்து எங்கள் இணையத்தளம். ஆம், எங்களுக்கும் ஒரு தளம் இருந்தது! 2006இல் மிஸ்ஸின் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் செய்து தந்தது. அதிலே இருந்த தமிழ்ப் பக்கங்கள் முழுவதும் நான் இரவிரவாகத் தட்டச்சு செய்தவை. தாபரிப்பு, காணி உறுதி, மரணசாசனம் எல்லாம் அதில் உண்டு. அப்படியிருந்தும் தமிழிலே தேடுகிற ஒருவருக்கும் அது ஏன் அகப்படவில்லை? கனிஷ்டப் பிள்ளை தன் போனிலே அதைத் திறந்து என்னிடம் காட்டினாள். எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை!

விடயம் இதுதான். நான் பழகியது பாமினி எழுத்துருவில். வடக்கு கிழக்கில் தட்டச்சு செய்தவர்களுக்கெல்லாம் பாமினிதான் தாய்வீடு. ஆனால் பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேசம் போட்டு வைத்ததுதான். 'தமிழ்' என்று நான் அடிக்கும்போது கணனி உள்ளே எழுதி வைப்பது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. 'சட்டத்தரணி' என்றால் ஆர், எல், அரைப்புள்ளி, எல், ஜே, அரைப்புள்ளி, ஜே, யூ, இஸட், பீ. பாமினி பதிந்து வைத்த கணனியிலே பார்த்தால் தமிழ். பதியாத கணனியிலும் போனிலும் பார்த்தால் அந்த ஆங்கிலக் குப்பை. தேடுபொறிக்குக் கண் இல்லை, அது உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். பதினேழு வருடமாக எங்கள் தளம் எங்கள் கந்தோர்க் கணனிக்கு மட்டும் தமிழ் பேசிக்கொண்டிருந்திருக்கிறது!

அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை பக்கம் அடித்தேன்... பிறகு அவள் ஒரு மாற்றியைக் காட்டினாள். பாமினியை அதிலே கொட்டினால் யுனிகோட் தமிழாகத் திருப்பித் தருகிறது. சில எழுத்து தடுமாறும், இருந்து திருத்த வேண்டும். இனி அடிப்பதற்கும் விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை, அதே பாமினி விசை ஒழுங்கிலேயே யுனிகோட்டில் அடிக்கலாம். கந்தோர், சங்கம், பாடசாலை என்று எங்காவது பழைய பக்கங்களை வைத்திருக்கும் சகோதரிகள், ஒரு தடவை போனிலே திறந்து பாருங்கள். ஸ்கேன் செய்த படமாகப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே கதிதான்.

பக்கங்களைத் திருத்தும்போது மிஸ் ஒரு விடயத்தில் பிடிவாதமாக நின்றார். எங்களுடைய பெருமை ஒரு வரியும் இருக்கக் கூடாது, கதிரையில் உட்கார்ந்து பெண்கள் கேட்கிற கேள்வி எதுவோ அதுதான் தலைப்பு. 'வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய காணி எனக்குச் சொந்தமா?' என்பது ஒரு பக்கம். (இல்லை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும்.) 'என் சீதனக் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டுமா?' என்பது இன்னொன்று. தேசவழமைக்கு உட்பட்ட மனைவிக்குக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், பொதுச் சட்டத்தின் கீழ் வரும் எங்கள் மட்டக்களப்புப் பெண்ணுக்கு வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் கணவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்! தாபரிப்புப் பக்கத்திலே, பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கும் கேட்கலாம் என்பதையும், முஸ்லிம் சகோதரிகள் காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தோம்.

வீட்டு வன்முறைப் பக்கத்தை மிஸ்ஸே எழுதினார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அது பன்னிரண்டு மாதம் வரை செல்லும். இவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக அவர் போட்டது: 'இந்தப் போனை வேறு யாரும் பார்ப்பார்களானால், வாசித்து முடித்ததும் தேடிய பதிவை அழித்துவிடுங்கள்.' கடைசி வரியோ, காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் இலவசமாக உதவி கேட்கலாம் என்பது. "மிஸ், தேடி வாற ஆளை நாமே வேற இடத்துக்கு அனுப்புறதா?" என்று நான் கேட்டுவிட்டேன். சம்பளக் கணக்கு எழுதுபவளுக்கு அப்படித்தான் வாயில் வரும். மிஸ் சிரித்தார், வரியை எடுக்கவில்லை.

சொற்களிலே எனக்கும் ஒரு பங்கு இருந்தது. 'சட்டத்தரணி' என்று நாங்கள் எழுதுகிறோம். சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளைகள் 'வக்கீல்' என்று தேடுகிறார்கள். தேடினால் சென்னையும் மதுரையும் வரும். 'தாபரிப்பு' என்ற சொல் நீதிமன்றப் படி ஏறியவர்களுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்கு ஜீவனாம்சம், செலவுக் காசு. இளவயதினர் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிக்கிறார்கள். ஆகவே 'தாபரிப்பு, அதாவது ஜீவனாம்சம் அல்லது பிள்ளைச் செலவு' என்று முதல் வரியிலேயே விளக்கமாக எழுதினோம். பக்கத் தலைப்பில் 'இலங்கை' என்ற சொல்லையும் சேர்த்தோம். சொற்களை மறைவாக அடுக்கி வைக்கும் பழைய வித்தை ஒன்றும் உண்டாம். அதைத் தான் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

என்னென்ன சொல்லைத் தேடி எங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும் ஒரு பட்டியலைக் கூகுள் இலவசமாகவே தருகிறது. மிகச் சிலரே தேடிய வரிகளை அது காட்டாது, ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று மறைத்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, 'வெளிநாட்டில் இருந்து அற்றோணித் தத்துவம் ரத்து செய்வது எப்படி' என்று ஒரு வரி இருந்தது. அப்படியானால் எத்தனை பேர் கேட்டிருக்க வேண்டும் என்று மிஸ் சொன்னார். அன்று பின்னேரமே அதற்கொரு பக்கம் எழுதினோம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக் குவைத்திலிருந்து ஒரு சகோதரி அழைத்தாள். பதினொரு வருடம் வீட்டு வேலை செய்து வாங்கிய வளவு. தம்பியிடம் அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தாள். அவன் விற்கப் பார்ப்பதாக அயலவர் சொல்லியிருக்கிறார்கள். எசமானி நித்திரையான பிறகு குளியலறைக்குள் இருந்து தாழ்ந்த குரலில் கதைத்தாள். "மிஸ், இது உண்மையான கந்தோர்தானே? போனில இரிக்கிறதெல்லாம் உண்மையா?" என்று மூன்று தடவை கேட்டாள். தூதரகத்தில் என்ன செய்ய வேண்டும், எந்தப் பத்திரம் வேண்டும், காணிப் பதிவகத்திலே நாங்கள் எதைப் பார்ப்போம் என்று மிஸ் ஆறுதலாகச் சொன்னார். வளவு கைமாறவில்லை. தம்பி எங்கள் கந்தோர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனது வேறு கதை.

முதலாம் இடம் எங்களுக்குக் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. நகரத்திலே நின்று சட்டத்தரணி என்று மட்டும் தேடினால் சில நாள் மூன்றாவதாக வருவோம், சில நாள் காணவே மாட்டோம். ஆனால் நாளொன்றுக்கு நான்கைந்து பேர் வருகிறார்கள். மிஸ் தன் பங்கை எடுக்கத் தொடங்கியிருக்கிறார். வாழைச்சேனைத் தங்கச்சிக்குத் தாபரிப்புக் கட்டளை கிடைத்து, தையல் மெஷினும் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த 6,000 ரூபா மட்டும் திரும்பவில்லை.

வேறு ஏதோ பழைய விபரத் தளங்களில் எங்கள் பழைய விலாசம் இன்னும் கிடக்கிறதாம், எழுதிக் கேட்டும் பதில் இல்லை. ஆகவே நான் அந்த ஒழுங்கைக்குப் போய் இரும்புக்கடை முதலாளியைக் கண்டு கதைத்தேன். எங்கள் புதிய விலாசத்தைப் பெரிய எழுத்திலே அச்சடித்துக் கொடுத்தேன். நல்ல மனிதர், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். போன கிழமையும் ஒரு வயதான தாயைத் தன் கடைப் பொடியனோடு ஓட்டோவில் ஏற்றி அனுப்பி வைத்தார்.